ஊரே கடலுக்குப் போகாத நாள்

தம்பி,

கொல்கத்தாவில் உனக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாமே, ரொம்ப சந்தோஷம். ஐந்து வருடப் படிப்பாம். தங்க இடமும் உதவித்தொகையும் அவர்களே தருவார்களாம். நாடு முழுக்கப் பரீட்சை எழுதியவர்களில் ஒரு சிலருக்குத்தான் இது கிடைக்குமாம். பெற்ற பிள்ளையின் சங்கதியைப் பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிக் கேள்விப்பட்டது போல எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் என்னிடம் நீ சொல்லியிருப்பது வேறு. சென்னையில் ஏதோ ஒரு கம்பெனியில் ஆறு மாதப் பயிற்சி, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று போனில் அவ்வளவு இயல்பாகச் சொன்னாய். நானும் சென்னைத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்ளாதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னது உன் அப்பா. "அம்மாகிட்ட இப்ப சொல்லாத, போய்ச் சேந்துட்டு நானே பாத்து சொல்லிக்கிறன்" என்று நீ அவரிடம் சொன்னதையும் ஒரு எழுத்து விடாமல் சொன்னார். உனக்கு எதிராக அவர் வாயைத் திறந்தது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரத்தில் அங்கன்வாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சத்துமாவு உருண்டையைப் பாயின் அடியில் ஒளித்துவிட்டுக் காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொல்லும் நாலு வயதுக்காரர்களோடு இத்தனை வருடம் காலம் தள்ளியிருக்கிறேன். ஒருத்தன் பொய் சொல்லப் போகிறான் என்றால் அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும் என்று ஊரில் பெருமையடித்துக்கொள்வேன். அந்தப் பெருமையை நீ இரண்டு தடவை உடைத்துப் போட்டுவிட்டாய். இரண்டாவது இந்தக் கொல்கத்தா. முதலாவதைப் பற்றி நாம் இன்றுவரை உட்கார்ந்து பேசவில்லை. நீ பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கேட்காததை நீ மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டாய். அதனால்தான் மறுபடியும் அதையே செய்கிறாய். ஆகவே முதலில் அதைப் பேசிவிடுகிறேன்.

உன்னை மும்முறைத் தாண்டலில் சேர்த்துவிட்டபோது நம் ஊரில் அது என்னவென்றே ஒருவருக்கும் தெரியாது. ஓடி வந்து ஒற்றைக் காலில் ஒரு தாவல், உடனே ஒரு பெரிய எட்டு, அப்புறம் மணலில் குதி. அதை நீ கரையில் செய்து காட்டியபோது என் தம்பி, உன் தாய்மாமன், "நொண்டி ஆடறதுக்குமா மெடல் குடுக்குறானுங்க" என்று கேட்டது நினைவிருக்கிறதா? ஆனால் அடுத்த வாரமே படகிலிருந்து துடுப்பை எடுத்து வந்து மணலில் வைத்து நீ தாண்டிய தூரத்தை அளந்தவரும் அவர்தான். மீட்டர் கணக்கு நம்மவர்களுக்குப் பிடிபடவில்லை. மூன்று துடுப்பு தாண்டினான், மூன்றரை தாண்டினான் என்று ஊர் பேசும். நீ ஐந்தாவது துடுப்பைத் தொட்ட சாயங்காலம், வலை பின்னிக்கொண்டிருந்த கிழவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள். அன்றிலிருந்து உன் பெயரே அஞ்சு துடுப்பு என்று ஆகிவிட்டது. நான் வைத்த பெயரை மறந்துவிட்டீர்களா என்று நான் சண்டை போடுவேன். உள்ளுக்குள் எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருந்தது.

ஆனால் எனக்குப் படிப்புதான் முதல். அது உனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று மட்டும் சொல்லாதே. பிளஸ் டூ கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு போட்டி வந்தது. போகக்கூடாது என்றேன். ஒரு நாள்தானே, போய்விட்டு வரட்டும் என்று உன் அப்பா உன் பக்கம் நின்றார். மாமா நின்றார். நீ சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கரையில் போய்க் கவிழ்த்துப் போட்ட படகு மேல் உட்கார்ந்துகொண்டாய். ஒரு வீட்டில் மூன்று ஆம்பிளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அந்த வீட்டில் விளக்கு போட்டும் பிரயோஜனமில்லை. நான் அசையவில்லை. மறுநாள் நானே உன்னைப் பரீட்சைக்குக் கூட்டிக்கொண்டு போய், நீ எழுதி முடிக்கும்வரை பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நின்றேன். வெளியே வந்து, எல்லாக் கணக்கும் போட்டுவிட்டேன் என்று சிரித்தாய். பரீட்சையா பந்தயமா என்று வந்தால் உன் அம்மா எந்தப் பக்கம் நிற்பாள் என்பதற்கு உனக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படி.

சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்த பிறகு நீ எங்களை மனம் நிறைய சந்தோஷப்படுத்தினாய். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் மெடல், பல்கலைக்கழக அளவில் மெடல், கல்லூரியின் பழைய சாதனையை முறித்தாய் என்று பேப்பரில் மூலையில் ஒரு படம். அதே வருடம் இயற்பியலில் வகுப்பிலேயே முதல். விளையாடுகிற பையன்கள் படிக்க மாட்டார்கள் என்று சொன்ன உன் வாத்தியாரே என்னைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். விளையாட்டுக் கோட்டாவில் உள்ளே வந்தவன், மார்க் கோட்டாவில் வெளியே போகிறான் என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் பஸ்ஸில் கடலூர் வரும்வரை எத்தனை தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேனோ. உப்புக் காற்றில் உன் மெடல்கள் பச்சை பூத்துப் போகும். எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்துத் தேய்த்து மாட்டுவேன். அங்கன்வாடிச் சுவரில் ஆப்பிள் படத்துக்கும் யானைப் படத்துக்கும் நடுவே உன் படமும் இருக்கிறது. இது யாரு என்றால் என் பிள்ளைகள் "அஞ்சு துடுப்பு அண்ணன்" என்று கத்துவார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் நீ எம்.எஸ்.சி. கடைசி வருடம் படிக்கையில் அந்தப் பெரிய போட்டி கடலூருக்கே வந்தது. எங்கெங்கோ வெளியூரில் நீ தாண்டியதையெல்லாம் போனில்தான் பார்த்திருக்கிறோம். இப்போது நம் ஸ்டேடியத்திலேயே தாண்டப் போகிறாய். அப்போது மழைக்காலம் முடிந்த சமயம். புயல் எச்சரிக்கையில் பல நாள் படகு இறங்காமல் கிடந்து, அப்போதுதான் கடல் தெளிந்து தொழில் நடக்க ஆரம்பித்திருந்தது. ஊர்க் கூட்டத்தில் வேறு என்னவோ பேசி முடித்துக் கலையும் நேரத்தில் உன் மாமா எழுந்திருக்கிறார். "செத்தவனுக்குத் தொழில நிறுத்துறோம். நம்ம புள்ள தாண்டறதப் பாக்க ஒரு நாளு நிறுத்தக்கூடாதா?" என்று கேட்டாராம். நம் ஊரில் சாவுக்கு நிறுத்துவார்கள், அம்மன் திருவிழாவுக்கு நிறுத்துவார்கள். உயிரோடு இருக்கிற ஒருவனுக்காகப் படகை நிறுத்தியதாகச் சரித்திரமே கிடையாது. தலைவர்தான், சரி, நிறுத்துவோம் என்றாராம். கோயில் மைக்கில் அறிவித்தார்கள். அதைக் கேட்டு நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நீ பிறந்தபோதுகூட அப்படி அழவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். அன்றைக்கு உன் பையில் ஹால்டிக்கெட் இருந்தது, இல்லையா? நீ தாண்டுவதை ஊர் பார்க்கப் போகும் அதே நாளில், அதே காலையில் சிதம்பரத்தில் உனக்கு அந்த ஆராய்ச்சிப் படிப்புக்கான நுழைவுப் பரீட்சை என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஊர் முகப்பில் கட்டியிருந்த பேனருக்குக் கீழே நின்றாய். மாமா உன் தோளில் கை போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். நீ சிரித்தாய். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன், உன் முகத்தில் ஒரு துளி சங்கடம் இல்லை. சாயங்காலம் திருவந்திபுரம் கோயிலுக்கு என்னோடு வந்தாய். அர்ச்சனைக்கு உன் பெயர், நட்சத்திரம் சொன்னேன், நீ பக்கத்தில் கைகூப்பிக்கொண்டு நின்றாய். கிளம்பும்போது வாசலில் வைத்து, அன்றைக்கு வெறும் வயிற்றோடு வந்துவிடாதே, சாப்பிட்டுவிட்டு நேரத்துக்கு வந்துவிடு என்றேன். "வந்துடறன்மா" என்றாய். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாய். நான் இதில் தொங்கிக்கொண்டுதான் இன்றுவரை கிடக்கிறேன். தரையைப் பார்த்துச் சொல்லியிருந்தாலாவது எனக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கும்.

பஸ் ஸ்டாண்டில் விட வந்த உன் அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாய். அந்த மனுஷன் பாவம், சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அந்த வாரம் முழுக்க வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் ஓம வாட்டர் கொடுத்தேன்.

போட்டியன்று காலை மீன் வண்டிகளையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, பாய் விரித்து, பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றினார்கள். எவ்வளவு கழுவினாலும் மீன் வண்டி மீன் வண்டிதானே, ஸ்டேடியம் வாசலில் போலீஸ்காரர் மூக்கைச் சுளித்தார். தினமும் மார்க்கெட்டில் கூவிக் கூவி மீன் விற்கிற பெண்கள் அன்று சிமெண்ட் படிக்கட்டில் பட்டுப் புடவையில் உட்கார்ந்து உன் பெயரைச் சொல்லிக் கத்திப் பழகினார்கள். மும்முறைத் தாண்டல் வீரர்கள் வரவும் என்று மைக்கில் அழைத்தபோது கைதட்டினார்கள். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது இன்னும் ஓங்கித் தட்டினார்கள். மறுபடியும் உன் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்போது கைதட்டல் குறைந்தது. அதற்கப்புறமும் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். உன் மாமா கம்பியைத் தாண்டிக் குதித்து உள்ளே போய் அந்த அதிகாரியிடம் கையைக் காட்டிக் காட்டிப் பேசுவது தெரிந்தது. பையன் சிதம்பரத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறான், கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். உன் போன் அணைத்து வைத்திருந்தது.

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. விபத்து என்றுதான் தோன்றியது. கடலூர் சிதம்பரம் ரோட்டில் பஸ்கள் போகிற போக்கு உனக்குத் தெரியும். கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று செருப்பைக்கூடப் போடாமல் படிக்கட்டில் இறங்கி ஓடினேன். என் பின்னால் பெண்கள் நாலைந்து பேர் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அப்போதுதான் உன் அப்பா வந்து என் கையைப் பிடித்தார். "அவனுக்கு ஒண்ணும் ஆவல. செதம்பரத்துல பரீட்ச எழுதிகிட்டு இருக்கான். எனக்குத் தெரியும்" என்றார். அத்தனை பேருக்கும் கேட்டது. உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு கணம் உயிர் வந்தது. அடுத்த கணமே, எனக்கு மட்டும் தெரியாது என்பது புரிந்தது. நீ உயிரோடு இருக்கிறாய் என்று கேட்டுச் சந்தோஷப்படக்கூட என்னை விடவில்லையே நீங்கள் இரண்டு பேரும். அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் பக்கத்து ஊர்க்காரர்களின் வண்டிகள் மத்தி மீனை வழிய வழிய ஏற்றிக்கொண்டு எதிரே வந்தன. அன்றைக்குக் கடலில் அப்படி ஒரு மீன்பாடு. நம் வண்டியில் ஒரு பிள்ளை, அண்ணன் எப்போ தாண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தது. நம் ஊரின் அடுத்த கூட்டத்தில் உன் அப்பா எழுந்து, தெரிந்தும் சொல்லாமல் இருந்தது என் தப்பு என்று சொல்லி, ஊரார் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை, தூக்கிவிட்டார்கள். நிறுத்தச் சொல்லிக் கேட்டவன் நான்தானே என்று உன் மாமாவும் விழுந்திருக்கிறார். அன்றிலிருந்து என் தம்பி நம் வீட்டுப் படியேறவில்லை. தெருவில் பார்த்தால் "சாப்ட்டியாக்கா" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போகிறார். கூடப் பிறந்தவன் அந்நியன் போலப் பேசுவதைக் கேட்க எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

போட்டி நடந்த அன்றைக்குச் சாயங்காலமே நீ போன் செய்தாய். பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறேன் என்றுதான் ஆரம்பித்தாய். அப்புறம் மெதுவாக, "ஊரே அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சிம்மா, எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. சொன்னா நீ தாங்க மாட்டன்னு நெனச்சன்" என்றாய். நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தச் சரியை நீ என்னவாக எடுத்துக்கொண்டாயோ தெரியாது. அன்றைக்கு வாய் வரவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ பந்தயத்துக்கு வராததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ எழுதிய பரீட்சைதான் சரி. என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நானே தலைவர் வீட்டுக்கு நடந்து போய், பிள்ளைக்குப் பரீட்சை வந்துவிட்டது, படகை இறக்குங்கள் என்று சொல்லியிருப்பேன். கொஞ்சம் முகம் சுண்டியிருப்பார்கள், அவ்வளவுதான். மைக்கில் சொன்னதை மைக்கிலேயே மாற்றிச் சொல்லியிருப்பார்கள். உன்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போய் அந்தப் பரீட்சைக்கும் வெளியே நின்றிருப்பேன். நான் என்ன சொல்வேன், எதைத் தாங்குவேன், எதைத் தாங்க மாட்டேன் என்பதையெல்லாம் நீயே உட்கார்ந்து முடிவு செய்துவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை. எனக்கு அதுதான் பெரிய அடி.

இப்போது இந்தக் கொல்கத்தா. உன் அப்பா ஏன் என்னிடம் சொல்லிவிட்டார் என்று உனக்குக் கோபம் வரும். அவரைக் கோபிக்காதே. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், எதிரே வந்து சும்மா உட்கார்ந்தார். "ஊர் கால்ல விழுந்தது எனக்குப் பெருசா தெரியல. அன்னிக்கு ஸ்டேடியத்துல உன் மூஞ்சியப் பாத்தன் பாரு, அத இன்னொரு வாட்டி என்னால பாக்க முடியாது" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தாண்டுவதை நீ விட்டுவிட்டாய் என்பதையும், உன் ஸ்பைக் ஷூவைக் கல்லூரியில் ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டாய் என்பதையும் சொன்னார். அதைக் கேட்டுக் கீரையையும் தண்டையும் ஒன்றாகப் போட்டு வைத்தது உண்மைதான். ஆனாலும் சோறு வடித்தேன், குழம்பு வைத்தேன், மறுநாள் அங்கன்வாடிக்கு வந்து பாட்டு சொல்லிக் கொடுத்தேன். தாங்கிவிட்டேன், பார்த்தாயா? கடலுக்குப் போனவர் கரை திரும்புவாரா என்று இத்தனை வருடம் காத்திருந்து பழகியவளுக்குக் கொல்கத்தாவைத் தாங்கத் தெரியாதா?

நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள். அவளிடம் இதைச் செய்யாதே. அவள் தாங்க மாட்டாள், அவளுக்குப் புரியாது, நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து ஒளிக்காதே. நீ அதை அன்பு என்று நினைத்துக்கொள்வாய். அவளோ, நம்மை இவன் ஒரு ஆளாகவே மதிக்கவில்லை என்று நினைப்பாள். நான் அப்படித்தான் நினைத்தேன். உன் மெடலையும் மார்க்கையும் பார்த்து ஊரே உன்னைக் கொண்டாடும். உன் வார்த்தையை நம்பிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் எப்போதுமே ரெண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். அவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிட்டு எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போ.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாய், வா. வஞ்சிரம் கிடைத்தால் வறுக்கிறேன், கிடைக்காவிட்டால் இருப்பதை வைத்துக் குழம்பு வைக்கிறேன். நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் மாட்டேன். உன் அப்பாவும் எதுவும் நடக்காத மாதிரிதான் இருப்பார், அது அவருக்கு நன்றாகவே வரும். இரண்டு நாள் இருப்பாய். சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அம்மா, நான் சென்னைக்குப் போகவில்லை, கொல்கத்தாவுக்குப் போகிறேன். இவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தால் அழுதுவிட்டு எழுந்து உன் துணியை மடித்து வைப்பேன். சொல்லிவிட்டாயானால் இந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டுவிடுவேன். உன் மாமா வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து, இரண்டு பேருமாக ரயில் ஏற்றிவிட வருவோம். சொல்லாமல் கிளம்புகிறாய் என்றால், கருவாட்டுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் துண்டுக்கு அடியில் இதை வைத்து, உன் பையை நானே மூடிக் கொடுப்பேன்.

இப்போது நீ இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய், தம்பி.

அம்மா